எங்கள் வீட்டில் நான் எடுத்த சர்வே

சர்வே எடுக்கப் போகிறவர்கள் ஒரு வீட்டில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஊருக்கெல்லாம் ஒன்றுதான். "உங்க வீட்ல யாராவது சர்வே கம்பெனியில வேலை செய்றாங்களா?" ஆமாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். கேட்கிறவர் மனதில் என்ன இருக்கிறது என்பது அந்த வீட்டாருக்குத் தெரிந்துவிடும், அதனால் அவர்கள் பதிலை நம்பக் கூடாது. பெங்களூரில் ஒரு சின்ன சர்வே கம்பெனியில் டேட்டா அனலிஸ்டாக இருந்தபோது, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நீட்டி முழக்கிப் பாடம் எடுத்தவள் நான். அப்படிப்பட்ட நான்தான் அதே ஊரில், ஜீவனஹள்ளியில், எங்கள் சொந்த வீட்டிலேயே ஒரு சர்வே எடுத்தேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரில் பார்க்கிற இடமெல்லாம் கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று ரிங் ரோடு பக்கம், வீட்டிலிருந்தே போய்வரலாம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடையில் எந்தக் கிழமை எந்த சோப்பு விற்றது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று மும்பையில், பெரிய சர்வே கம்பெனியில். நான் கனவு கண்ட வேலை அது. கேள்வியை எழுதுவதிலிருந்து முடிவைச் சொல்வதுவரை எல்லாம் என் கையில் இருக்கும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள்.

ஆனால் மும்பைக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. அதுவரை வீட்டை விட்டு வெளியே தனியாக ஒரு ராத்திரி தங்கினவள் இல்லை. எனக்குத் தெரிந்த இந்தி, சிவாஜிநகரில் துணிக்கு பேரம் பேசப் போதுமானது. அதை வைத்துக்கொண்டு அங்கே வாடகைக்கு வீடு பிடிப்பது எப்படி? அதனால் ஒரு திட்டம் போட்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் அழ வேண்டும். பிறகு ரிங் ரோடு வேலையில் நிம்மதியாகச் சேர்ந்து, வாழ்நாள் முழுக்க "மும்பைல கிடைச்சுது, எங்க அம்மாதான் விடல" என்று சொல்லிக்கொண்டு திரியலாம்.

இந்த வசனமே அம்மாவிடமிருந்து கற்றதுதான். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். வேலை முடிந்து கால் வீங்கி வருகிற நாளெல்லாம், "எனக்கு மைசூர்ல நர்ஸ் டிரெயினிங் கிடைச்சுது. எங்க அம்மா விடல" என்பாள். நானும் அக்காவும் அதைக் கேட்டே வளர்ந்தோம். ஒரு ஆளுக்கு இதைவிட வசதியான வசனம் வேறு கிடையாது என்று எனக்குத் தோன்றியிருந்தது.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். படித்த திமிர், விடுமா? ஆபீஸ் பிரிண்டரிலேயே படிவம் அடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு வேலைக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு பேனாவோடு உட்கார வைத்தேன்.

அப்பா சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் விற்பனையில் இருந்தார். எல்லா இடத்திலும் ஐந்து போட்டுவிட்டு, "ரெண்டுமே நல்ல சரக்கும்மா. உனக்கு எது புடிக்குதோ எடுத்துக்கோ" என்று படுக்கப் போய்விட்டார். லிங்கராஜபுரத்திலிருந்து வந்திருந்த அக்கா பாதிப் படிவத்தில் பேனாவைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டாள். மிச்சத்தைக் குழந்தை நிரப்பியது. "எங்க வேணா போ. உன் பச்ச சுடிதார வச்சிட்டு போ" என்றாள்.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசிக்க வாசிக்க வாயாலேயே பதில் சொன்னாள்.

"மும்பைக்கு அஞ்சு போடு. ரிங் ரோடுக்கு ஒண்ணு போடு."

பதில் சொல்கிறவருக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதும் நான் எடுத்த பாடம்தான். "நல்லா யோசிச்சு சொல்லும்மா. பொம்பளப் புள்ள, அவ்ளோ தூரம், தனியா, பாஷை வேற தெரியாது" என்று வெட்கமில்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அஞ்சுக்கு மேல போட முடியுமா?" என்றாள்.

அறைக்குள் போய்க் கணக்கைத் திருத்தினேன். எல்லாவற்றுக்கும் ஒரே மார்க் போட்டதால் அப்பாவை நீக்கினேன். பாதியில் விட்டதால் அக்காவையும் நீக்கினேன். அம்மா ஒருத்திதான் மிஞ்சினாள். அவள் சொன்னதைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் மும்பைதான் வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்ற பெண்ணை இவ்வளவு சுலபமாகவா அனுப்புவாள்? படிவத்தைக் கசக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"நான் போனா உனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?"

"இல்லாம என்ன? உங்கப்பா கடையிலயே எல்லாம் பேசித் தீத்துட்டு வருவாரு. நீயும் போனா எனக்கு இந்த வீட்ல பேச ஆளே இல்ல."

"அப்ப வேணாம்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்? உங்கம்மா சொன்னாங்கல்ல?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கம்மா சொல்லவே இல்லடி. எனக்காகக் கடன ஒடன வாங்கி டிரங்குப் பொட்டி வாங்கி வச்சிருந்தா. எனக்குத்தான் பயம். காலையில பஸ் ஏறணும், ஜொரம்னு சொல்லிப் படுத்துட்டேன். அப்புறம் யார் கேட்டாலும் எங்கம்மா விடலன்னு சொன்னேன். அவ எதுர்லயே சொல்லுவேன். இல்லன்னு அவ ஒரு வார்த்த சொல்லல. சாகற வரைக்கும் வாய மூடிட்டு சும்னே இருந்தா."

கசக்கின படிவத்தைக் கீழே வைத்தேன்.

"நான் அவள மாதிரி சும்னே இருக்க மாட்டேன்," என்றாள் அம்மா. "இப்ப நான் கேக்கறேன், நீ சொல்லு. அங்க போக உனக்கு இஷ்டமில்லையா, பயமா?"

எத்தனையோ கேள்விகளை எழுதிப் பிழைத்தவள் நான். இவ்வளவு சுத்தமான கேள்வி ஒன்றுகூட எழுதினதில்லை.

"பயம்தாம்மா."

"அப்ப போ" என்று பீன்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினாள். "இத நறுக்கு. அங்க யாரு நறுக்கிக் குடுப்பா?"

திங்கட்கிழமை மும்பைக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொன்னேன். குரல் நடுங்கியதை லைன் சரியில்லை என்று சமாளித்தேன். போனேன், பயந்தேன், அழுதேன், பிறகு அந்த ஊரிலேயே தங்கியும்விட்டேன்.

இப்போதும் லீவுக்கு ஜீவனஹள்ளிக்குப் போனால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி விடமாட்டார். "என்னம்மா, இங்க இல்லாத வேலையா? கூடவே நின்னு அம்மாவப் பாத்துக்காம அவ்ளோ தூரம் போயிட்டியே" என்பார்.

"நான் எங்க ஆன்ட்டி போறேன்னு சொன்னேன்? எங்கம்மாதான் துரத்திவிட்டாங்க" என்பேன்.

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.