நுங்கு கொடுத்த படம்

எங்கள் ஒழுங்கைக்குள் ஏதாவது வாகனம் திரும்பினால் எனக்கு இப்போதும் நெஞ்சு திக்கென்கிறது. அக்காவின் பனங்காணியில் கம்பனிக்காரர் துளை போட்டுப் பார்த்த நாளில் தொடங்கிய வியாதி இது.

மன்னார்த் தீவில் மணலுக்குக் கீழே கொஞ்சம் நல்ல தண்ணீர், அதற்கும் கீழே உப்பு. அக்காவின் கிணறு அந்தக் கொஞ்சத்தில்தான் நிற்கிறது. கம்பனி கனிமத்துக்காக மணலை அள்ளத் தொடங்கினால் கிணறு உவர்த்துவிடும், குடியிருக்க முடியாது என்பது அவளுடைய பயம்.

அன்றைக்கு வந்த கம்பனிப் பெடியள், "சும்மா மண் பாக்க வந்தனாங்கள், அன்ரி" என்றார்கள். நீளக் குழாயை இறக்கி, வந்த மண்ணை உறைகளில் கட்டினார்கள். மண்டை வெடிக்கிற வெயில். அக்காவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? நுங்கு வெட்டிக் கொடுத்தாள். ஒருவன் படம் எடுத்தான். அவளும் சிரித்தாள்.

சில மாதங்களின் பின் கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், கூட்டம். கம்பனி அதிகாரி திரையில் அதே படத்தைக் காட்டினார். அக்கா, நுங்கு, சிரிப்பு. கீழே, ‘காணி உரிமையாளருடன் கலந்துரையாடி இணக்கம் பெறப்பட்டது.’

அக்கா எழும்பினாள். "ஐயா, அது நுங்கு."

மண்டபமே சிரித்தது.

"களைச்சு வந்த பிள்ளையளுக்குக் குடுத்தனான். காணியை ஆர் குடுத்தது?"

"நீங்கள் மறுப்புச் சொல்லேல்லைத்தானே, அம்மா?" என்றார் கம்பனி அதிகாரி.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "உவருக்குத் தேத்தண்ணி குடுத்துப் போடாதேங்கோ, வீட்டையும் எழுதி எடுத்திடுவார்!"

கூட்டத்தை நடத்திய அரசாங்க அதிகாரி சிரிக்கவில்லை. தானே காணிக்கு வந்து விசாரிப்பதாகச் சொன்னார்.

வெளியே, எங்களுக்காக வந்திருந்த சட்டத்தரணி அக்காவிடம் சொன்னார்: "காணிக்காரரின்ர கையெழுத்தில்லாமல் சம்மதம் எண்டு சொல்லேலாது. ஆனா உந்தப் படத்தை வைச்சு இழுத்தடிப்பினம். இனி வாற ஆக்களுக்குப் பச்சைத் தண்ணியும் குடுக்காதேங்கோ."

கம்பனியை எதிர்த்து நிற்கச் சொன்னால் நிற்பாள். தண்ணீர் கொடுக்காமல் நிற்கச் சொன்னால் அவள் எங்கே போவாள்? அன்றிரவு முழுக்கப் புரண்டு படுத்தாள். பக்கத்து அறையில் நானும்தான்.

விசாரணைக்கு உச்சி வெயிலில் வந்தார்கள். அரசாங்க அதிகாரியும், கம்பனி ஆட்களும். அன்றைக்கு மண் பார்க்க வந்த பெடியன் ஒருவனும் வேர்த்து ஒழுக நின்றான். அக்கா குசினிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் செம்போடு வந்துவிட்டாள்.

அதிகாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"முதல் எழுதுங்கோ ஐயா. தண்ணி தாறன், காணி தரேல்லை. எழுதிப்போட்டுக் குடியுங்கோ."

அவர் அவளையே ஒருதரம் பார்த்தார். பிறகு எழுதினார், வாசித்தும் காட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் செம்பு கை மாறியது.

"தம்பி, நீயும் குடி. போனைப் பைக்குள்ள வை."

பெடியன் மளமளவென்று குடித்தான். "நல்ல தண்ணி, அன்ரி" என்றான்.

"அதுக்குத்தானே இவ்வளவும்" என்றாள் அக்கா.

முடிவு இன்னும் வரவில்லை. வாகனச் சத்தம் கேட்டால் நான் கேற்றுக்கு ஓடுகிறேன். அக்கா ஓடுவதில்லை. "ஆரெண்டு பார்" என்று சொல்லிக்கொண்டே கேத்திலை அடுப்பில் வைக்கிறாள்.