கந்தையா சட்டம்பியாரின் சுங்கான்

கொக்குவிலில் சவரக் கடையில் ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் நுரையோடு இருந்தபோதுதான் செய்தி வந்தது. நெல்லியடியிலிருந்து வந்த ஒருவர் கடை வாசலில் நின்றபடியே, "கந்தையா சட்டம்பியார் விடியப்புறம் மோசம் போயிட்டாராம்" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. துவாயால் நுரையைத் துடைத்துக்கொண்டு அரைத் தாடியோடு பஸ் ஏறினேன்.

செத்தவீட்டில் பேசியவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். சாந்தமானவராம். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து முற்றத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். பல வருடம் அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். அவரை அறிந்த நீங்களே சொல்லுங்கள், அந்த மனிதர் சாந்தமா? வாயைத் திறந்தால் பச்சை மிளகாய். அந்த வாயை மூடி வைத்திருந்தது அவருடைய சுங்கான்.

தெருவுக்கொரு சுருட்டுக் கொட்டில் உள்ள ஊரில், குயவர் சுட்டுக் கொடுத்த சின்ன மண் கிண்ணத்தில் நாணற் குழலைச் செருகிப் புகைத்தவர் அவர் ஒருவர்தான். "உவர் பெரிய துரையெல்லோ" என்று ஊர் சிரித்தது. உண்மையில் அது அவருடைய மனைவி பொன்னம்மா அக்காவின் ஏற்பாடு. சுருட்டென்றால் வாயின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு யாரையும் ஏசலாம். மண் சுங்கான் பாரம். குழலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தால்தான் நிற்கும். வாயைத் திறந்தால் விழுந்து உடையும். "இஞ்சாருங்கோ, உங்கடை வாயாலை ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப் போட்டாங்கள். இனிக் கோவம் வந்தால் உந்தச் சுங்கானைப் பத்த வையுங்கோ" என்று அக்கா சொல்லியிருந்தார்.

ஆனாலும் சுங்கான்கள் உடைந்தபடிதான் இருந்தன. ஒருமுறை பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த வித்தியாதரிசி, இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வந்து, இங்கே பிள்ளைகள் விரல் விட்டு எண்ணுகிறார்களே என்று முகத்தைச் சுளித்தார். "ஏன் ஐயா, உங்கடை கையிலை விரல் இல்லையோ?" என்றார் கந்தையா அண்ணை. சுங்கான் காலடியில் இரண்டாகக் கிடந்தது. அடுத்த சந்தை நாளில் குயவர் அவரைக் கண்டதும், "சட்டம்பியார், ஊரோடை நல்ல கொழுவல் போலை. இன்னும் கொஞ்சம் கூடச் சுட்டு வைக்கட்டோ?" என்று கேட்டார். "ஓம், சுடும். வித்தியாதரிசி திரும்பவும் வருவார்" என்றார் இவர்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். அதைப் பற்றிச் செத்தவீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்சாதிப் பிள்ளைகள் வாங்குப் பலகையிலும் ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலும் இருந்த காலம் அது. எல்லாரையும் சமமாக இருத்த வேண்டும் என்று அரசாங்கக் கட்டளை வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடினார்கள். பள்ளிக்கூடத்தை நடத்தும் மனேச்சர் எழுந்து, "வாங்கை எல்லாம் எடுத்துப் போடுவம். வாங்கு இல்லாட்டி ஆரும் ஏறி இருக்கேலாது. கரைச்சல் முடிஞ்சுது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அண்ணை அரைச்சுவரில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தார். மனேச்சர் ஒரு சொல் சொன்னால் அவருடைய வேலை போய்விடும். அக்காவுக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. நான் சுங்கானையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ விழப்போகிறது, இதோ விழப்போகிறது என்று காத்திருந்தேன். அது விழவில்லை. அவர் அதை மெதுவாக வாயிலிருந்து எடுத்தார். என்னிடம் வந்து, "இதைப் பிடியும். உடைச்சுப் போடாதையும்" என்று தந்துவிட்டு மண்டபத்தின் நடுவில் போய் நின்றார்.

"வாங்கை எடுக்கிறதெண்டால் என்னையும் எடுங்கோ. நிலத்திலை இருக்கிற பிள்ளையள் வாங்கிலை இருக்கோணும். பள்ளிக்கூடக் கிணத்திலை அந்தப் பிள்ளையளும் தங்கடை கையாலை அள்ளிக் குடிக்கோணும். இவ்வளவுதான் நான் கதைக்க வந்தது." குரல் உயரவே இல்லை. கிண்ணம் என் கையைச் சுட்டது. கீழே வைக்கவும் மனமில்லாமல் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி வந்தபோது அது அணைந்திருந்தது. நெருப்புக்குச்சிகளை உரசி உரசி முறித்தார். நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

அவர் மேலிடத்துக்கு முறையிட்டுவிடுவார் என்று பயந்து வாங்குகளில் கைவைக்காமல் விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் இருந்தார்கள். தவணை முடிவதற்குள் அண்ணையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கைக்குழந்தையோடு நெல்லியடிப் பக்கம் போய், அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஒருநாள் அங்கே போனபோது, அன்றைக்கு ஏன் சுங்கானை என்னிடம் தந்தீர்கள் என்று கேட்டேன். "என்ரை கோவத்துக்கு எத்தினையோ சுங்கான் உடைச்சனான். அண்டைக்கு வந்தது என்ரை கோவம் இல்லை, தம்பி. நான் கோவத்திலை கத்தினனெண்டு அவை சொல்லக் கூடாது" என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தில் அவருக்கு அனுதாபக் கூட்டமாம். அதே மனேச்சர்தான் தலைமை. படம் திறந்து மாலை போடப்போகிறார்கள். மண்டபத்துக்கு வெளியே, அந்தக் கிணற்றடியில், இன்றைக்கும் ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள், யாராவது வந்து வார்க்கும் வரை காத்து நின்று, கையேந்தித்தான் குடிக்கிறார்கள். என்னையும் பேசக் கேட்டிருக்கிறார்கள். என் சம்பளமும் அந்த மனேச்சர் கையில்தான் இருக்கிறது.

அவர் கேட்ட இரண்டில் ஒன்று நடந்தது. நடக்காத மற்றதைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அவரை அறிந்தவர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை வாருங்கள். நான் கிணற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.