கோய்தா ரம் படமும் அண்ணன் கழுத்து மாலையும்

உற்றார் உறவினருக்கும் அண்ணனோடு பழகிய எல்லோருக்கும் தங்கையின் வணக்கம்.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முகப்புப் படத்தைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். கரும்புக் காட்டில் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக, தோளில் அரிவாளைச் சாய்த்து நிற்பவர் எங்கள் அண்ணன்தான். ஆனால் அது ஒரு ரம் கம்பெனியின் காலண்டரில் வந்த படம். காலடியில் இருந்த பாட்டிலை அச்சகத்தார் எடுத்துவிட்டார்கள். நிழலை எடுக்க முடியவில்லை. வலது காலுக்குப் பக்கத்தில் கறுப்பாகத் தெரிகிறதே, அது பாட்டிலின் நிழல்.

"வேற படமே கெடைக்கலியா அத்தை?" என்று அண்ணன் பிள்ளைகள் கேட்டார்கள். கிடைக்காது. அண்ணனை யாரும் போட்டோ எடுக்க நான் விட்டதில்லை. அவர் கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரரைக்கூட காப்பி கொடுத்து வாசலோடு அனுப்பினேன். ஃபாக்டரி அடையாள அட்டைக்காக எனக்குத் தெரியாமல் எடுத்த சின்னப் படம் ஒன்று இருந்தது. அதுவும் ஒரு மழையில் நனைந்து முகம் அழிந்துவிட்டது. ஏன் விடவில்லை என்பதைச் சொன்னால்தான் அண்ணனைப் பற்றிச் சொன்னதாகும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், திசையன்விளைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனதும், கூடப்பிறந்த ஒருத்தியை உறவுக்காரர் வீட்டில் விட மனமில்லாமல் என்னையும் ரயிலேற்றி பம்பாய்க்குக் கூட்டி வந்தார். தாராவியில் ஒரு கோலி பிடித்தார். ஒற்றை அறை வீட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம். செம்பூர்ப் பக்கத்தில் இருந்த ரம் கம்பெனிக் கிட்டங்கியில் பீப்பாய் உருட்டும் வேலை கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் கரும்புச் சீமையில் காய்ச்சிய சரக்கு பீப்பாயில் வந்து, இங்கே பாட்டிலில் அடைபடும். அண்ணன் ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்த நெடியே அவருக்குத் தலைவலி. வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி வாசலில் தொங்கவிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

முதலில் அந்த ரம்முக்கு ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி படம்தான் லேபிள். வெள்ளைக்காரன் குடிக்கிறதை நமக்கு எதுக்கு விற்கிறான் என்று ஜனங்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. யுத்தம் வந்து சீமைச் சரக்கு அருகிப்போன சமயத்தில், கம்பெனி சேட் புதுசாக யோசித்தார். நம் நாட்டு ஆள் ஒருவன், உழைக்கிறவன், நிமிர்ந்து நிற்கிறவன் படத்தில் இருக்க வேண்டும். பெயரும் மாற்றினார்கள், 'கோய்தா ரம்' என்று. கோய்தா என்றால் மராட்டியில் கரும்பு வெட்டும் அரிவாள். படம் எழுதுகிறவர் கிட்டங்கிக்கு வந்து, மீசையைப் பார்த்து அண்ணனைப் பிடித்து நிறுத்தினார். பின்னால் கரும்பெல்லாம் கிடையாது, சாக்குப் படுதாதான். மற்றதை அவர் தூரிகை பார்த்துக்கொண்டது. கண்ணை மட்டும் கொஞ்சம் உருட்டி வரைந்துவிட்டார்.

அதன்பிறகு அண்ணன் எங்கும் நின்றார். பாட்டிலில் நின்றார், ராணுவ கேன்டீனுக்குப் போகும் பெட்டிகளில் நின்றார். சயான் ஸ்டேஷனில் இறங்கினால் போர்டில் நின்றார். குடித்தால் இந்த ஆளைப்போல நிமிர்ந்து நிற்கலாம் என்பதுதான் கம்பெனி சொன்ன சேதி. "குடிச்சவன் எவன்டே நிமிந்து நின்னான்?" என்று அண்ணன் சிரிப்பார். எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் கேலி பண்ணுகிறார்களே என்று மீசையையும் கத்தரித்துக்கொண்டார்.

வினை காலண்டரில் வந்தது. அதில் எழுத்தெல்லாம் இங்கிலீஷும் மராட்டியும். எங்கள் பக்கத்து ஜனங்களில் அதை வாசிக்கத் தெரிந்தவர் அபூர்வம். முறுக்கு மீசை, உருட்டிய கண், கையில் அரிவாள், காலடியில் பாட்டில். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வேறு யாராக இருக்க முடியும்? சாராயம் படைத்துக் கும்பிடும் எங்கள் காவல் சாமி, சுடலைமாடன். படையல்கூடத் தயாராகக் காலடியிலேயே இருக்கிறது!

ஓடைக்கு அந்தப் பக்கம் இசக்கியக்கா என்று ஒருவர் குடியிருந்தார். அவர் வீட்டுக்காரர் சுடலைமுத்து பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போயிருந்தார். ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கப் போகிற வழியில் இசக்கியக்கா வீட்டுக்குள் என் கண் போயிற்று. சுவரில் அந்தக் காலண்டர். நெற்றியில் குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை.

சாமிக்கு மாலை போடலாம். மனுஷன் படத்துக்கு எப்போது மாலை போடுவோம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் வாங்காமலே வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"அண்ணே, ஒங்க படத்துக்கு மாலை போட்டிருக்காவ!"

"நல்லதுதானட்டி. கழுத்துக்குத்தான் ஒருத்தியும் போட மாட்டேங்கா."

"வெளையாடாதீங்கண்ணே. உசிரோட இருக்கவுக படத்துக்கு மாலை போடலாமா?"

"அது மாடனுக்குப் போட்டது. அட்ரஸ் பாத்து அவருக்கே போய்ச் சேந்துரும். நீ சோத்தப் போடு."

அவர் சாப்பிட்டார். நான் விசாரிக்கக் கிளம்பினேன். இசக்கியக்கா வெள்ளிக்கிழமைதோறும் மாலை மாற்றுகிறார் என்று தெரிந்துகொண்டேன். என் பயம் எனக்கு. வெள்ளி வந்தால் அண்ணன் கிட்டங்கியிலிருந்து திரும்புகிறவரை தெருமுனையிலேயே நிற்பேன்.

அந்த மாசமே அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. கஞ்சி தங்கவில்லை, கண் சிவந்து கிடந்தார். டாக்டர் கொடுத்த மருந்துக்கு இறங்கும், மறுபடி ஏறும். வெள்ளிக்கிழமை கூடுதலாக ஏறுவதாக எனக்குத் தோன்றியது. தோன்றியதா, நிஜமாகவே ஏறியதா, இன்றைக்கும் தெரியாது.

அப்போது பார்த்து மாட்டுங்காவில் குடியிருந்த கம்பெனி குமாஸ்தா ஐயர் அண்ணனைப் பார்க்க வந்தார். நல்ல மனுஷர். கையில் ஆரஞ்சுப் பழம், கக்கத்தில் ஒரு காலண்டர் கட்டு.

"சேட் ரொம்ப சந்தோஷமா இருக்கார். தாராவியில நம்ம காலண்டரை வெச்சுப் பூஜை பண்றாளாமே! இன்னும் ஒரு கட்டு விநியோகம் பண்ணச் சொல்லிட்டார். அடுத்த வருஷத்துக் காலண்டர்ல ஒரு மாலையும் சேத்தே வரைஞ்சுடலாம்னு அபிப்ராயப்படறார்" என்றார்.

"வரைஞ்சா அத எப்படிக் கழட்ட?" என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை, சிரித்தார். கட்டை நான் வாங்கி அடுப்படியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒரு மாலைக்கே ஆள் இப்படிக் கிடக்கிறார். வீட்டுக்கு வீடு மாலை விழுந்தால்? அவர் போனதும் எழுந்து நேரே இசக்கியக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கும் வெள்ளி. மாலை புதுசாக இருந்தது.

"அக்கா, அந்த மாலைய எடுத்திருங்க. அது சாமியில்ல, எங்கண்ணன். காய்ச்சலாக் கெடக்காவ."

"ஆரு, பீப்பா உருட்டுத அண்ணாச்சியா?" இசக்கியக்கா படத்தை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

"ரம் கம்பெனிப் படம்க்கா அது."

"பாட்டில் கண்ணு முன்னால நிக்குது, எனக்குத் தெரியாதாட்டி? மாடன் எதுல வந்தா என்ன? அவுக போன அன்னைக்கு வேண்டிக்கிட்டுப் போட்ட மாலை. மழை தொடங்குன பொறவு அவுகளப் பத்தி ஒரு தாக்கலும் இல்ல. இது ஒரு வெள்ளி இல்லாமப் போச்சுன்னா அவுகளுக்கு என்ன ஆவும்? நீ சொல்லு."

மாலையை எடுக்க நானே கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன். ஒனக்கு அண்ணன்னா எனக்குத் தாலி."

கூட்டம் கூடிவிட்டது. எடு என்று சில பேர், எடுக்காதே என்று சில பேர். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் ஓடுகிறது. அப்போது பின்னாலிருந்து ஒரு பெரியவர், "ஏ, வழி விடுங்க வே! மாடன்லா நடந்து வாராரு!" என்றார்.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் சொன்னதையும் கேட்டார், இசக்கியக்கா சொன்னதையும் கேட்டார். பிறகு இசக்கியக்காவிடம் கையை நீட்டினார்.

"அந்த மாலைய இங்க குடு தாயி."

இசக்கியக்கா படத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"பிச்சிர மாட்டேன். நம்பிக் குடு."

இசக்கியக்கா எடுத்துக் கீழே ஒரு தட்டில் வைத்தார். அண்ணன் தட்டிலிருந்து எடுத்தார். எடுத்துத் தம் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

"ஏட்டி தங்கச்சி, பாத்துக்கோ. உசிரோட இருக்கவன் கழுத்துல கெடக்கு. இது செத்தவன் மாலை இல்ல, மாப்பிள்ளை மாலை. இனி பயப்படுவியா?" என்று கேட்டுவிட்டு, கழற்றித் தட்டில் வைத்தார். "இப்பம் மாடனுக்குப் போடு தாயி. ஒரு வெள்ளியும் விடாத. மொதல்ல எங்கிட்ட கொண்டா, பொறவு அவருக்கு."

"மனுசன் போட்ட மாலைய சாமிக்குப் போடலாமா அண்ணாச்சி?"

"அந்த மூஞ்சி என் மூஞ்சிதானம்மா. எச்சின்னா ரெண்டு பேருக்கும் ஒரே எச்சி."

அழுதுகொண்டிருந்த இசக்கியக்கா சிரித்துவிட்டார். மாலையை வாங்கிப் படத்துக்குப் போட்டார். அண்ணன் காய்ச்சல் சூட்டில் அதற்குள் சாமந்தி இதழ்கள் சுருண்டிருந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எப்படிப் பயப்படாமல் இருக்க?

காய்ச்சல் மெதுவாகத்தான் இறங்கியது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் இசக்கியக்கா வாழையிலையில் சுற்றிய மாலையைத் தட்டில் கொண்டுவந்து வைப்பார். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு ஒரு டீ குடிப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் விடுவார்களா? "என்ன மாப்ள, இந்த வாரமும் பொண்ணு வரலியா?" என்பார்கள். "டிரெயின் லேட்டு" என்பார் அண்ணன். குமாஸ்தா ஐயர் மறுபடி வந்தபோது, "மாலைய நான் போன பொறவு வரையச் சொல்லும் சாமி" என்றார். ஐயர் வாயைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவ! எனக்கு எப்படித் தோணாமப் போச்சு!" அடுத்த காலண்டரில் மாலை வரவில்லை. அவர் போய் என்ன சொல்லித் தடுத்தாரோ, அந்தப் புண்ணியம் அவரைச் சேரட்டும்.

யுத்தம் முடிந்தது. பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சுடலைமுத்து அண்ணாச்சியைக் காணோம். இசக்கியக்கா பேச்சை நிறுத்திவிட்டார். தட்டை வைப்பார், எடுத்துப் போவார். அண்ணனும் டீ குடிப்பதை விட்டுவிட்டார். மாலையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கேலி செய்தவர்கள்கூட வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வாசலைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனார்கள். எனக்கோ, அண்ணன் உயிரைப்பற்றி இருந்த பயம் போய், அந்த மனிதர் உயிரைப்பற்றிய பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை தட்டை வேறு ஒரு கை வைத்தது. நிமிர்ந்து பார்த்தால், ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு கறுத்து மெலிந்த ஒருவர். பின்னால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இசக்கியக்கா.

"அங்க மழையில கெடக்கும்போது ஒரு மடக்கு குடுப்பாவ அண்ணாச்சி. பாட்டில்ல நீங்கதான் நிப்பிய. நம்மூரு ஆளு மாதிரி இருக்கேன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றார் சுடலைமுத்து.

அண்ணன் மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார்.

பிறகு மதுவிலக்குப் பேச்சு வந்தது. சாமியாக இருந்த அதே முகத்துக்குக் கொம்பும் கோரைப்பல்லும் வரைந்து, குடிகெடுக்கும் பேய் என்று எங்கள் தெரு வழியாக ஊர்வலம் போனார்கள். நான் கதவைச் சாத்தப் போனேன். அண்ணன் சாத்த விடவில்லை. வாசலில் நின்று கடைசிவரை பார்த்தார். "சொல்லுதது சரிதானட்டி. குடியால எத்தன வீடு போச்சு. மீசையத்தான் கொறச்சிட்டான்" என்றார். கம்பெனி மூடியது. சயான் போர்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். முதல் மழையில் சுண்ணாம்பு கரைந்து, மீசை மட்டும் திரும்பி வந்தது.

அதன்பின் விக்ரோலி ஃபாக்டரியில் வேலை, எனக்குக் கல்யாணம், பிறகு மதினி வந்தது, பிள்ளைகள் என்று அண்ணன் வாழ்க்கை நேராகப் போயிற்று. என் வீட்டுக்காரர் போனபோது என்னை மறுபடியும் தம்மோடு அழைத்துக்கொண்டார். சென்ற ஆண்டு நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர், மூன்று தலைமுறைப் பிள்ளைகள் சுற்றி நிற்கக் கண்ணை மூடினார். ஒரு படம் என்னை இத்தனை பாடு படுத்தியதால்தான் இன்னொரு படம் எடுக்க நான் விடவில்லை. பிள்ளைகளே, காரணம் இதுதான்.

அண்ணனைக் கடைசிவரை கைவிடாமல் பார்த்த டாக்டருக்கும், தூக்கிச் சுமந்த விக்ரோலித் தோழர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய சான்பாடா சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குங்குமக் கறையோடு அந்தக் காலண்டரை இத்தனை காலம் டிரங்குப் பெட்டியில் பாதுகாத்து, முகப்புக்காகக் கொண்டுவந்து கொடுத்த இசக்கியக்காவுக்கும் சுடலைமுத்து அண்ணாச்சிக்கும் நன்றி என்ற சொல் போதாது.

ஒரு வேண்டுகோள். திதியன்று இந்தப் படத்துக்கு மாலை போட வேண்டும். அதைப் போட வேண்டியவள் நான் என்று மதினி சொல்லிவிட்டார். படத்துக்குப் போடுமுன் அந்த மாலையை ஒரு நிமிஷம் என் கழுத்தில் போட்டுக்கொள்வேன். தாலியறுத்தவள் மாலை போடுகிறாளே என்று யாரும் தடுக்க வேண்டாம். முதலில் உயிரோடு இருக்கிற கழுத்துக்கு, பிறகு அண்ணனுக்கு. அவர் வைத்த முறை அது.

அன்புத் தங்கை