ஸ்வர்ணலதாவுக்கு அனுப்பிய செய்தி

சோபியாவுக்கு ஓர் இடத்தில் சும்மா உட்கார வராது. ஆரணியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. மார்பகப் புற்றுநோய் முகாமுக்கு நெசவுக்காரப் பெண்களைக் குறுஞ்செய்தி அனுப்பி வரவழைக்க வேண்டும். அனுப்பிவிட்டுப் பதில் வந்ததா, வந்ததா என்று போனை நோண்டிக்கொண்டே இருப்பாள். வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு.

அந்தப் புதன்கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முள்ளிப்பட்டு ஸ்வர்ணலதாவுக்கு முதல் சோதனையில் கட்டி தென்பட்டிருந்தது. வேலூரிலிருந்து வந்த டாக்டர் மதியம் கிளம்பிவிடுவார். மறுபடி எப்போது வருவாரோ. செய்தி போய்ச் சேர்ந்ததாகத்தான் போன் காட்டியது. ஆளைக் காணோம். சோபியா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

ஸ்வர்ணலதா தறியில் இருந்தாள். கட்டி இருக்கிறதே, டாக்டர் கிளம்பிவிடுவாரே, செய்தியைப் பார்க்கவில்லையா என்று சோபியா படபடத்தாள்.

“எனக்கு ஒண்ணும் வர்லியேங்க. நான் குடுத்தது மொதலாளி நம்பரு. எங்க தெருவுல யார் கேட்டாலும் அதத்தான் குடுப்போம். நூல் வந்தாலும் சேதி வந்தாலும் அவருதான் ஆள் அனுப்புவாரு.”

சோபியாவுக்குப் பகீரென்றது. ஏசப்பா, தெருவுக்கே அனுப்பியதெல்லாம் ஒரே ஆளின் போனிலா? அங்கேயே நின்று முதலாளி வேணுகோபாலைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

“வந்துதும்மா, படிச்சேன். கல்யாணப் பொடவ, அவசர ஆர்டரு. நெஞ்சு முடிச்சி தறியிலேர்ந்து அறுத்துக் குடுத்தப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

“பொடவ காத்துகினு இருக்கும் சார். கட்டி காத்துகினு இருக்குமா? டாக்டர் இன்னிக்கு மட்டுந்தான்!”

வேணுகோபாலின் குரல் தணிந்தது. “எழுந்து போம்மா ஸ்வர்ணா. ஜல்தி போ.”

அவர் வாயால் சொன்ன பிறகுதான் ஸ்வர்ணலதா தறியை விட்டு எழுந்தாள். சோபியாவுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

வண்டியில் ஏறப்போன ஸ்வர்ணலதா நின்றாள். “அந்த மெசேஜுல இன்னா எழுதியிருந்தீங்க?”

எல்லோருக்கும் புரியட்டும் என்று சோபியாவே பார்த்துப் பார்த்து எழுதியது அது. மறைக்க வழியில்லை. மெல்லப் படித்துக் காட்டினாள். ‘ஸ்வர்ணலதா, உங்கள் இடது மார்பில் கட்டி உள்ளது. புதன்கிழமை தவறாமல் வரவும்.’

ஸ்வர்ணலதா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்துச் சோபியாவுக்கு அழுகை முட்டியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

“பொடவயக் குடுக்க அவரு எதிர்ல நான்தான் போய் நிக்கணும். நீங்க நிக்க மாட்டீங்க.” சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். “வண்டிய எடுங்க. டாக்டரு போயிடப் போறாரு.”