கறுப்பேறிய வளையம்

என் மாமா கடலுக்கு அடியில் இறங்கி வெல்டிங் வைப்பவர். திருச்செங்கோட்டில் இதைச் சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரிக் லாரியை ஓட்டிப் போய், பூமியைத் துளைத்துத் தண்ணீரைத் தேடத்தான் தெரியும். இருக்கிற தண்ணீருக்குள் இறங்கி ஒருவர் சம்பாதிக்கிறார் என்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை, பொறியியல் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்தாள். மாமா கப்பலில் இருக்கும் மாதங்களில் எங்கள் வீட்டில்தான் இருப்பாள்.

மாமாவிடம் பழைய டைவிங் கடிகாரம் ஒன்று இருந்தது. கண்ணாடியைச் சுற்றி எண்கள் போட்ட வளையம் ஒன்று அதில் திருகும். தண்ணீரில் இறங்கும்போது அதைத் திருகி நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், உள்ளே போய் எவ்வளவு நேரமாயிற்று என்பது தெரிந்துவிடும். எண்கள் இருந்தது வளையத்தின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய அலுமினிய வட்டத் தகட்டில்; அதையும் வளையம் என்றுதான் சொல்வோம். ஒரு காலத்தில் கன்னங்கரேலென்று இருந்ததாம். உப்பும் வெயிலும் தின்று, நான் பார்த்தபோது சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

அந்த முறை புறப்படும்போது மாமா கடிகாரத்தை அத்தையிடம் விட்டுப் போனார். அவள் அதற்குக் கறுப்பேற்றித் தருவதாகச் சொல்லியிருந்தாள். வாசலில் என்னைக் கூப்பிட்டு, "சாமி, உங்க அத்தை அவசரக்காரி. வளையம் மடங்காம நீதான் பாத்துக்கோணும். மடங்குனா வேற கெடைக்காது," என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எட்டு வயதுக்காரியான நான் அதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டேன்.

அத்தை வாரக்கணக்கில் அதைத் தொடவே இல்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் டிவியில் புயலையும், அலையில் சாய்ந்து கிடந்த ஒரு கப்பலையும் காட்டினார்கள். அது மாமா இருந்த கப்பல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா டிவியை அணைத்துவிட்டார். ரிக் வண்டியோடு போக வேண்டியவர் போகாமல் வாசலில் நின்று யார் யாருக்கோ போன் போட்டார். அத்தையின் போனை எடுத்து விளையாடப் போன என் கையில் அம்மா ஓர் அடி வைத்தாள். காரணம் கேட்டால், "ஒண்ணுமில்ல, போ" என்றாள்.

அப்போதுதான் அத்தை கடிகாரத்தை எடுத்துக்கொண்டு புறக்கடைக்கு வந்தாள்.

"இப்ப எதுக்கு அம்மிணி இது?" என்று அம்மா கேட்டாள்.

"சும்மா உக்காந்திருக்க முடியலீங்க அண்ணி."

போனைத் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டு, பழைய பசை இளகுவதற்காகக் கடிகாரத்தை முகம் கீழாக வெந்நீர் ஆவியில் பிடித்தாள். பிறகு தகட்டின் ஓரத்தில் பிளேடு முனையை நுழைத்தாள். முனை சறுக்கியது. "மெதுவா அத்தை, மெதுவா," என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்; பார்த்த மாதிரி தெரியவில்லை. எப்படியோ தகடு மடங்காமல் கழன்று வந்தது. காற்றில் போட்டால் மிதந்துவிடும் போல அவ்வளவு மெல்லிசு.

காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் போட்டதும் நுரைத்து, சாம்பல் நிறம் போய், தகடு வெள்ளி மாதிரி வெளுத்தது. அடுத்தது ஆசிட் தண்ணீர். லாரி பேட்டரி ஒன்றிலிருந்து ஒயர் இழுத்துத் தகட்டைத் தொங்கவிட்டாள். இப்படிக் கரண்ட் பாய்ந்தால் அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுமென்றும், சாயம் அதற்குள் போய் உட்காருமென்றும், பெயின்ட் அடித்த மாதிரி உரிந்து வராதென்றும் முன்பெல்லாம் எனக்கு விளக்கியிருக்கிறாள். அன்று கல்லின் மேல் இருந்த போனைப் பார்ப்பாள், தகட்டைப் பார்ப்பாள், மறுபடியும் போனைப் பார்ப்பாள். வேலையில் கவனமே இல்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது. மாமா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா இடையிடையே வந்து நின்றார். "கம்பெனி நம்பரு எடுக்க மாட்டேங்குது," என்றார் ஒரு முறை. அடுத்த முறை போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் போனார். மத்தியானச் சோறு ஆறிக் கிடந்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள் எழுந்து வரவில்லை. பசிக்கிறது என்று சொல்ல எனக்கே பயமாக இருந்தது.

சாயப் பட்டறையிலிருந்து வாங்கி வைத்திருந்த கறுப்பில் தகடு கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. வெளியே எடுத்தபோது நாவற்பழம் மாதிரி இருந்தது. கொதிநீரில் போட்டதும் நிறம் இறுகிக் கன்னங்கரேலென்று ஆனது. பள்ளமாக வெட்டியிருந்த எண்களில் குச்சி முனையால் வெள்ளை பெயின்டை நிரப்பி, பிசிறைத் துடைத்துக் காயவைத்தாள். அவ்வளவு அழகான பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. இனி ஒட்டுவது மட்டும்தான் பாக்கி. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

தகட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அத்தை பசையைத் திறந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். அவள் உடனே எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா வாசலிலிருந்து ஓடி வந்தார்.

"அம்மிணி, எடு!"

எடுத்து, "ஆருங்க?" என்றாள். அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது, மாமாவின் குரல். தான் வேறொரு கப்பலில் இருப்பதாகவும், ஏறும்போது போன் தண்ணீரில் போய்விட்டதாகவும் சொன்னார். கூட இருந்த எல்லோரையும் ஏற்றிவிட்டார்கள் என்றார். அத்தை துவைக்கிற கல்லின் மேல் சரிந்து உட்கார்ந்தாள். நான் அவளுடைய இன்னொரு கையைத்தான் பார்த்தேன். அது இறுக மூடியிருந்தது. நரம்பு புடைத்திருந்தது.

விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். வளையம் இரண்டாக மடங்கிக் கிடந்தது. மடிப்பில் கறுப்பு வெடித்து வெள்ளிக் கோடுகள் தெரிந்தன.

நான் ஓவென்று அழுதேன். வளையம் போச்சு, வளையம் போச்சு என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். என் அழுகையைப் பார்த்து அத்தை சிரித்தாள். அம்மா ஓடி வந்து, விஷயம் தெரிந்து, அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார்.

எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சிரித்தாலும் பெரியவர்களுக்கும் வளையத்தின் மேல் இவ்வளவு பிரியம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.