திருப்பிக் கொடுக்காத தட்டு

இங்கே வேண்டாம். இந்தக் கம்பளத்தின் மேல் வேண்டாம். இன்னும் இருபது அடிதான். அறைக்குள் போனதும் வாந்தி எடுத்துக்கொள். மூச்சை வாயால் இழு. மூக்கைத் திறக்காதே...

கப்பலுக்குள் கால் வைத்ததும் எனக்குள் ஓடியது இதுதான். வெளியே சிரித்துக்கொண்டிருந்தேன். சாண்டா தொப்பி போட்ட ஓர் ஆள் என் கழுத்தில் ஜரிகை மாலை போட்டார். அந்த மாலையிலும் ஈரத்துணி வாடை அடித்தது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தேதி, நேரம், அறை எண் எல்லாவற்றையும் ஊர் திரும்பிய அன்றே டைரியில் குறித்து வைத்தேன். நாளாக ஆக என் மனமே இதைக் கனவு என்று சொல்லிவிடும் என்று தெரியும். மூன்று வருடமாக வாய் திறக்காததற்குக் காரணம் பயம் அல்ல. அருவருப்பு. சொல்லத் தொடங்கினால் அந்த வாடை மூக்குக்குள் வந்துவிடுகிறது. இதோ, இப்போதும்.

2006 டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை. மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்பும் கப்பல். 'கிறிஸ்துமஸ் ஸ்பெஷல், இரண்டு இரவு, மூன்று பகல்.' என் கணவர் சேவியருக்கு ஹிஞ்சவடி ஆபீஸ் குலுக்கலில் விழுந்த பரிசு. மூன்று பேர் போகலாம். மூன்றாவது ஆள் என் மாமியார் செல்வமேரி. மராட்டி பேசும் ஊரான நிக்டியில் எங்களோடு இருக்கிறார். கட்கியில் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார்.

அத்தைக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. நான் கர்ப்பமாக இருந்தேன். அன்றோடு பதினோரு வாரம் முடிந்திருந்தது. இதற்கு முன் இரண்டு தடவை கலைந்துவிட்டது. இந்தத் தடவை ஸ்கேனில் இரண்டு இதயங்கள் துடித்தன. "போன ரெண்டும் சேர்ந்து திரும்பி வந்திருக்கு ஜோ," என்று சொல்லி சேவியர் பார்க்கிங்கில் நின்று அழுதார். மூன்று மாதம் தாண்டும் வரை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். டாக்டர், சேவியர், நான். மூன்றே பேருக்குத்தான் தெரியும்.

எங்கள் அறை எண் 217. கப்பலின் உட்பக்க அறை. கட்டிலுக்கு எதிரே பூப்போட்ட திரை தொங்கியது. கடல் தெரியும் என்று விலக்கினேன். வெறும் சுவர். விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் நடுநிசிதான்.

குளியலறை வடிகாலில் ஒரு கொத்து முடி கிடந்தது. நீளமான கறுப்பு முடி. சோப்பு நுரையில் ஊறி, எண்ணெய்ப் பிசுக்கோடு. காகிதத்தால் எடுத்துப் போட்டேன். விரல் படவில்லை. ஆனாலும் விரலை நான்கு தடவை கழுவினேன்.

"அரே, மகாராணிக்கு இங்கயும் மூக்கு வேலை செய்யுது," என்றார் அத்தை. கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏக்தம் மஸ்த் ரூம். உனக்கு மட்டும் எங்க போனாலும் நாத்தம்."

"ஓசிக் கப்பல்ல இவ்வளவுதான் ஜோ," என்றார் சேவியர். "வெளிநாட்டுல முப்பது வருஷம் ஓடிட்டு, பேரு மாத்திக்கிட்டு வந்திருக்கு. பாவம், அதுவும் எங்கதான் போகும்?"

நான் சிரித்தேன். என் அருவருப்பு எனக்கே வெட்கம். சின்ன வயதிலிருந்து எல்லோரும் அதைத் திமிர் என்றே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தடவை கரு கலைந்த பிறகு என் உடம்பைப் பார்த்தே எனக்குக் குமட்டியிருக்கிறது. அதனால் அதை மறைக்கப் பழகியிருந்தேன். அருவருப்பு அதிகமாகும் இடத்தில் மரியாதையையும் அதிகமாக்கிவிடுவேன். யாருக்கும் தெரியாது.

அந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது.

மாலை 5.25. கப்பல் கிளம்பி இருபது நிமிடம் இருக்கும். கதவு தட்டும் சத்தம்.

தட்... தட்... தட்.

திறந்தேன். ஆள் இல்லை. வாசலில் ஓர் எவர்சில்வர் தட்டு. அதன் மேல் வெள்ளைத் துணி. துணியை எடுத்தால் பிளம் கேக் துண்டுகள், அச்சுமுறுக்கு, கல்கலா.

"கிறிஸ்துமஸ் தட்டு!" அத்தைக்குப் பல் எல்லாம் தெரிந்தது. "பக்கத்து ரூம்காரங்க யாரோ நம்மாளுங்க போல. பாரு, கப்பல்லயும் தட்டு அனுப்புறாங்க. நீ ஒரு பிஸ்கட்டாவது எடுத்துட்டு வந்தியா?"

கேக் ஈரமாக இருந்தது. பழ ரச ஈரம் இல்லை. பூ ஜாடியில் பத்து நாள் கிடந்த தண்ணீரின் வாடை. அச்சுமுறுக்கைத் தொட்டேன். நொறுங்கவில்லை. வளைந்தது. கேக்குக்குள்ளிருந்து ஒரு முடி நீண்டிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன்... வந்துகொண்டே இருந்தது.

"அத்தை, சாப்பிடாதீங்க."

அதற்குள் ஒரு துண்டு உள்ளே போய்விட்டது. "உப்புக் கூடிப்போச்சு," என்றார். "கேக்குல எவளாவது இவ்வளவு உப்புப் போடுவாளா? போகட்டும், அன்பா குடுத்திருக்காங்க."

அவர் மேல்தளத்துக்குக் கேரல்ஸ் கேட்கப் போனதும் எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டினேன். தட்டைக் கழுவினேன். பின்புறம் பெயர் வெட்டிய இடம் உரசி அழிக்கப்பட்டிருந்தது. எத்தனை தடவை கழுவியும் வழவழப்பு போகவில்லை.

அப்போதுதான் குற்ற உணர்ச்சி வந்தது. யாரோ அன்பாகக் கொடுத்ததைக் கழிவறையில் கொட்டியவள் நான்.

வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், நிக்டியில் பக்கத்து வீட்டு மராட்டிக்காரர்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது வைப்போம். டீ மேஜையில் மூன்று சர்க்கரைப் பொட்டலங்கள் இருந்தன. தட்டில் வைத்தேன்.

பக்கத்துக் கதவு 219. பழுப்பு நிறம். அதில் ஒரு கிறிஸ்துமஸ் வளையம் தொங்கியது. வாசலில் தட்டை வைத்துத் தட்டினேன். பதில் இல்லை. திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் தட்டு தரையில் உராயும் சத்தம்.

க்ர்ர்ர்...

பார்த்தேன். தட்டு இல்லை. கதவு மூடியே இருந்தது.

மாலை 5.40. அந்த நேரத்தில் அடிவயிற்றில் ஒரு சிறு இழுப்பு. வலிகூட இல்லை. யாரோ நூலைப் பிடித்து இழுத்ததுபோல.

இரவு அறைக்குள் வேறெதுவும் நடக்கவில்லை. அத்தையின் குறட்டை மட்டும்.

சனிக்கிழமை விடியற்காலை கண் விழித்ததும் மாங்காய் நினைவு வந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட கிளிமூக்கு மாங்காய். நாக்கில் நீர் ஊறியது. நான் வாய் திறந்து சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

6.50. தட்... தட்... தட்.

அதே தட்டு. துணியை விலக்கினேன்.

மாங்காய்க் கீற்றுகள். உப்பு. மிளகாய்த்தூள்.

டிசம்பரில்.

ஓரங்கள் கறுத்துக் கொழகொழத்திருந்தன. ஒரு கீற்றின் நடுவில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. நான் கழிவறைக்கு ஓடினேன்.

சேவியரைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்னது?"

"நான் மாசமா இருக்கிறதை."

"மாதா சத்தியமா இல்ல ஜோ."

"அப்போ அந்த ரூம்ல இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?"

"எந்த ரூம்?" என்றார்.

தட்டை அலமாரிக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினேன். திருப்பிக் கொடுக்கப் போக எனக்குத் தெம்பு இல்லை.

9.30-க்குக் கோவா. எல்லோரும் இறங்கினார்கள். எனக்குத் தலைசுற்றல் நிற்கவில்லை. "நீங்க அத்தையோட போங்க, நான் படுத்துக்கிறேன்," என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை திரும்ப நினைத்திருப்பேன்.

மதியம் 2.15. விளக்கு அணைந்தது.

ஏசியின் முனகல் நின்றது. அறையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கைக்கடிகார முள் மட்டும் பச்சையாக மின்னியது.

வாடை வந்தது. பூ ஜாடித் தண்ணீர்.

சுவரை மூன்று தடவை தட்டும் சத்தம். என் தலைக்கு நேர் பின்னால்.

பிறகு ஒரு பெண் குரல். மெல்ல. அக்கறையோடு.

"ஜேவ்லீஸ் கா?"

சாப்பிட்டாயா? எங்கள் காலனியில் மதியம் ஆனால் பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்பது. பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பழக்கம். பல்லைக் கடித்தேன்.

"ஜேவ்லீஸ் கா?"

இந்தத் தடவை சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை.

கையை நீட்டினேன். விரலில் சில்லென்று எவர்சில்வர் பட்டது.

தட்டு. கட்டில் மேல். நான் பூட்டிய தட்டு.

அதில் சோறு. பிசைந்த சோறு. குளிர்ந்து கொழகொழவென்று... உருண்டை பிடித்திருந்தது. ஒவ்வொரு உருண்டையிலும் நான்கு விரல் தடம். விரல்நுனியால் தடவித் தெரிந்துகொண்டேன். ஏன் தடவினேன் என்று தெரியவில்லை.

மெத்தை அமுங்கியது.

என் பக்கத்தில்.

ஈரமான முடி என் தோளில் விழுந்தது.

உதட்டில் சோறு பட்டது. யாரோ ஊட்டுவதுபோல. அழுகல். உப்பு. ஒரு பருக்கை உதட்டின் இடுக்கில் ஒட்டியது.

வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு கை என் வயிற்றின் மேல் வந்தது. தடவியது. எண்ணுவதுபோல் ஒரு விரலை மட்டும் அழுத்தியது.

ஒன்று.

அங்கேயே நின்றது.

இரண்டாவது அழுத்தம் வருமென்று காத்திருந்தேன்...

வரவில்லை.

எப்படிக் கதவைத் திறந்தேன் என்று தெரியாது. நடைவழியில் வெளிச்சம் இருந்தது. சுவரோடு சாய்ந்து முந்தானையால் உதட்டைத் தேய்த்தேன். தோல் உரியும் வரை தேய்த்தேன். பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன்.

217. அதற்கடுத்து இரும்புச் சுவர். வெள்ளை வண்ணம். அதற்கடுத்து 221.

சுவரின் அடியில் என் மூன்று சர்க்கரைப் பொட்டலங்கள் கிடந்தன. பிரிக்கப்படவில்லை. அப்படியே வாயில் போட்டு மென்று துப்பப்பட்டிருந்தன. இன்னும் எச்சில் காயவில்லை.

துண்டுகள் அடுக்கிய வண்டியோடு எங்கள் தளத்து அறைப் பணியாளர் சுனில் வந்தார். "219 எங்கே?" என்று இந்தியில் கேட்டேன்.

"அப்படி ஒரு ரூமே கிடையாது மேடம். நான் வந்து மூணு வருஷம் ஆச்சு." என் உதட்டையே பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

மூச்சு விட்டார். பிறகு ஏதோ தோன்றியதுபோல் கேட்டார். "பதிலுக்கு ஏதாவது வச்சுக் குடுத்தீங்களா?"

என் கண் அந்தச் சர்க்கரைப் பொட்டலங்கள் மேல் போனது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவர் படியேறிப் போனார். அப்புறம் எங்கள் அறைப் பக்கம் அவர் வரவே இல்லை.

அன்று இரவு முழுவதும் மேல்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சேவியர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிறு காலை மும்பை. மதியம் நிக்டி.

பெட்டியைத் திறந்தேன். அத்தையின் சேலைகளுக்கு நடுவே அந்தத் தட்டு.

"நம்மளுதுன்னு நினைச்சு எடுத்து வச்சுட்டேன்," என்றார் அத்தை. "அரே, யாரோட தட்டோ? பாவம்டி. ஏதாவது ஸ்வீட் வச்சு அந்தக் கம்பெனிக்குப் பார்சல் போட்டுடலாமா?"

டிசம்பர் 28, வியாழக்கிழமை. ஸ்கேன்.

டாக்டர் வெகுநேரம் திரையையே பார்த்தார். ஒன்றின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். இன்னொன்று... இரட்டைக் கருவில் இப்படி நடப்பதுண்டு, நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை என்றார்.

"எப்போ நின்னுது டாக்டர்?"

"அளவு பதினோரு வாரத்தோட நின்னுருக்கு. ஆறு நாள் முன்னாடி இருக்கலாம்."

நான் விரல் விட்டு எண்ணினேன். வெள்ளிக்கிழமை.

மூன்று சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துக்கொள்ள அது வரவில்லை. தட்டு வெறுமையாகத் திரும்பவில்லை; அதோடு என்னிடமிருந்து போனது என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தட்டு எங்கள் பரண் மேல், ஒரு பழைய போர்வைக்குள் இருக்கிறது. எறியவில்லை. எறிந்தால் அதுவும் திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று தெரியவில்லை. அத்தைக்கு அந்தக் கேக்கிலிருந்து இன்றுவரை எந்த இனிப்பும் உப்பாகவே இருக்கிறது. டாக்டர்கள் காரணம் சொல்லவில்லை.

பிழைத்தவள் ஜெனிபர். இரண்டரை வயது. போன வாரம், டிசம்பர் 22, மாலை 5.25. நான் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் வந்து என் சேலையைப் பிடித்தாள்.

"மம்மி, ஆன்ட்டிக்குத் தட்டு வேணுமாம்."

"எந்த ஆன்ட்டி?"

அடுப்படிச் சுவரைக் காட்டினாள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. அந்தச் சுவருக்கு அப்புறம் வீடு இல்லை. வெறும் காற்று.

பூ ஜாடித் தண்ணீரின் வாடை வந்தது.

"சும்மா வேணாமாம் மம்மி. ஏதாவது வச்சுத் தரணுமாம்."

கையைக் கழுவினேன். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். சுவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"தர மாட்டேன்."