அக்கா தேய்த்த குதிகால்

என் அக்கா புருஷனைப் போலப் பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை, என் அக்காவைத் தவிர. கீழ்வீடு அவர்களுடையது, மேல்வீடு என்னுடையது. அவர்கள் சண்டை போட்டால் என் வீட்டு மிக்சி சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். சமாதானம் பேசப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை.

மாமா டவுன் பஸ் டிரைவர். ஒருநாள் திருப்பத்தில் ஓரமாக நின்ற கம்பத்தில் பஸ்ஸை உரசிவிட்டார். கொஞ்ச நாளில் இன்னொரு கம்பம். கண் டாக்டர் சோதித்துவிட்டு, நரம்பு கெட்டுக்கொண்டே வருகிறது, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும், மருந்து போட்டால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்றார். லைசென்ஸ் போயிற்று. நேரே இருப்பது மட்டும் அப்போதைக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவர் மலைத்தொடர் நெடுக ஓடும் நெடும்பாதையில் நடந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பாதை முடிகிற இடத்தில் ஒரு கணவாய். அங்கே ஏறி நின்றால் மறுபக்கம் கடல் தெரியுமாம். குளிர் வந்தால் பனி மூடிவிடும், பிறகு அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் அவருக்குக் கண் இருக்குமா என்று டாக்டரே வாயைத் திறக்கவில்லை. அக்கா கத்தினாள், பட்டினி கிடந்தாள். மாமா முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாதையில் முக்கால்வாசி முடித்திருந்தபோது அவர் மகளுக்குப் பிரசவம் ஆனது. இறங்கி வந்தார். தாடியும் ஒட்டிய கன்னமுமாக இருந்தவரை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பேத்தியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெரியவங்க முகமெல்லாம் துண்டு துண்டாத்தான் தெரியுது. இவ சின்ன முகம், முழுசாத் தெரியுது" என்றார்.

அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த நாளே அவர் காலைக் கையில் எடுத்தாள். நாங்கள் இருவரும் ஒரே பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறோம். கால் என்றால் அக்காதான். வேறு யார் கையிலும் காலைக் கொடுக்காத வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள். மாமாவின் குதிகால் நடந்து நடந்து காய்த்துப்போய், செருப்பே தேவையில்லை என்கிற மாதிரி இருந்தது. வெந்நீரில் ஊற வைத்தாள், எண்ணெய் தடவினாள், தேய்த்தாள். மறுநாளும் அதே கதை. அவர் ஊரில் இருந்த நாளெல்லாம் இதே வேலை.

"அக்கா, போதும் விடு. நடக்கப் போற கால்" என்றேன்.

"குழந்தை மேல பட்டாக் கீறிடும். நீ சும்மா இரு."

குதிகாலால் யார் குழந்தையைத் தூக்குகிறார்கள்? கேட்டேன். முறைத்தாள். மாமா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் காலைக் கொடுத்துவிட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு கொஞ்சியதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

திரும்பவும் பாதையில் கொண்டுபோய் விட நாங்கள் இருவரும் கூடப் போனோம். மலையடியில் பஸ் நின்றது. அவரோ, தான் நடையை நிறுத்திவிட்டு வந்த பாறை இரண்டு நிறுத்தம் பின்னால் இருக்கிறது, அதைத் தொட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்றார். பாதை நடக்கிறவர்களுக்கு அது சட்டமாம், நடுவில் ஒரு முழம் விட்டாலும் நடந்த கணக்கில் சேராதாம். வந்த வழியே வேறு பஸ் பிடித்தோம். பாறையைத் தொட்டார், முதுகுப்பையைச் சரிசெய்தார், திரும்பிப் பார்க்காமல் போனார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிக்னல் கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் போன் வந்தது. முதலில் "நல்லா இருக்கேன்" என்றார். பிறகு "கொஞ்சம் மெதுவாப் போறேன்." பிறகு போனே இல்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாடிக்கைக்காரியின் விரலில் ரத்தம் வர வைத்துவிட்டாள். அப்படி ஒன்று அவள் கையில் நடந்ததே இல்லை.

கடைசியில் பார்லரில் இருக்கும்போது போன் வந்தது. கணவாய்க்குக் கீழே இருக்கிற தங்கும் குடிலிலிருந்து, அதைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி பேசினாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு குதிகால்லயும் தோல் கழண்டு சீழ் வெச்சிருக்கு. சாக்ஸை வெட்டித்தான் எடுத்தோம். மேல ஏறுறேன்னு அடம் பிடிக்கிறார். பனி இறங்க ஆரம்பிச்சிடுச்சு. நீங்களாவது சொல்லுங்க."

மாமா போனை வாங்கினார். "ஒண்ணுமில்ல. ஒரே ஒரு ஏத்தம்தான் பாக்கி. தவழ்ந்தாவது போயிடுவேன்."

"வேணாங்க. வந்துடுங்க."

"இவ்வளவு தூரம் வந்துட்டு எப்படி வர்றது? காலு இப்படி ஏன் ஆச்சுன்னே தெரியல. முன்னாடியெல்லாம் ஒரு கொப்புளம் கூட வந்ததில்ல."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான். நான்தான் செஞ்சேன். காய்ப்பு போச்சுன்னா ரெண்டு நாள்ல நடக்க முடியாம திரும்பிடுவீங்கன்னு வேணும்னேதான் தேய்ச்சேன். கண்ணு தெரியாம எங்கயாவது உருண்டுட்டா நான் என்ன பண்ணுவேன்? இவ்வளவு தூரம் அதே காலோட நடப்பீங்கன்னு நெனக்கலைங்க."

போன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் கையை நீட்டினேன்.

"கண்ணு தானாப் போகுது. காலை நீ எடுத்துட்ட" என்றார். அப்புறம்தான் கட்டானது.

குடிலுக்குச் சாமான் ஏற்றி வரும் ஜீப்பில் அவரை இறக்கினார்கள். அன்றைக்கே கணவாயைப் பனி மூடிவிட்டது. கால் ஆற வெகு நாளாயிற்று. மருந்து போட நர்ஸ் வந்தாள், அக்காவைக் காலைத் தொடவே மாமா விடவில்லை. நடுவில் நின்று பேசிப் பார்த்தேன். எனக்கும் திட்டு கிடைத்தது.

இப்போது குளிர் முடியப் போகிறது. மாமா மொட்டைமாடிச் சிமெண்டில் வெறுங்காலோடு நடக்கிறார், காய்ப்பு திரும்ப வர வேண்டுமாம். பார்வை அதற்குள் இன்னும் சுருங்கிவிட்டது. தொட்டிமேல் மோதுகிறார், துணிக்கொடியில் கழுத்து மாட்டுகிறது. அக்கா படியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். நேற்றுத்தான் வாயைத் திறந்தாள்.

"வழி திறந்ததும் நானும் கூட வரேங்க."

"நீ வந்து?"

"கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். மேல போனதும் கடல் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்றேன்."

அவர் நின்றார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"நீ சொன்னா அது நீ பாத்த கடல்" என்றார்.

பிறகு திரும்பி நடக்க ஆரம்பித்தார். அவர் போகிற வழியில் வாளி ஒன்று இருந்தது. அக்கா ஓடிப்போய், சத்தம் கேட்காமல் அதை எடுத்தாள்.